பில் காஸ்பி வழக்கு: எந்தச் சாட்சியத்துக்கு எவ்வளவு எடை?

வணக்கம். இன்றைக்குப் பேசப்போவது கனமான விஷயம். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு பிரபலத்தின் மேல் பாலியல் புகார் வந்ததும் ‘இத்தனை வருஷம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாள்?’ என்று ஒரு கூட்டம் கேட்கும். ‘நெருப்பில்லாமல் புகையுமா?’ என்று இன்னொரு கூட்டம். இந்த இரண்டுக்கும் வழக்கைப் படிக்கவே தேவையில்லை பாருங்கள். எனக்கு அதுதான் வேதனை. சரி, சாட்சியங்கள் பெரும்பாலும் வெளியே வந்துவிட்ட ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நடிகர் பில் காஸ்பி. தொலைக்காட்சித் தொடரில் ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பனாக நடித்து, ‘அமெரிக்காவின் அப்பா’ என்றே பெயர் வாங்கியவர்.

2005 ஜனவரியில் ஆண்ட்ரியா கான்ஸ்டண்ட் போலீஸில் புகார் கொடுத்தார். தன் பெயரை மறைக்காமல் வெளிப்படையாகப் போராடியவர் என்பதால்தான் பெயர் சொல்கிறேன். டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பெண்கள் கூடைப்பந்து அணியின் நிர்வாக வேலையில் இருந்தார். காஸ்பி அதே பல்கலைக்கழகத்தின் அறங்காவலர். 2004 தொடக்கத்தில் பிலடெல்பியா பக்கத்திலுள்ள தன் வீட்டில் மூன்று நீல மாத்திரைகள் கொடுத்தார், உடம்பு செயலிழந்த நிலையில் தவறாக நடந்துகொண்டார் என்பது புகார். கொடுத்தது அலர்ஜிக்குப் போடும் பெனட்ரில், நடந்தது சம்மதத்தோடு என்றார் காஸ்பி. இன்றுவரை குற்றச்சாட்டுகள் எல்லாவற்றையும் மறுத்துத்தான் வருகிறார்.

இப்போது கான்ஸ்டண்டுக்கு எதிராக நிற்பவற்றைப் பார்ப்போம். அவரை நம்புகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடக் கூடாது. புகார் வந்தது ஒரு வருஷம் கழித்து. சம்பவம் நடந்த மாதத்தை முதலில் மார்ச் என்றார், பிறகு ஜனவரி என்றார். சம்பவத்துக்குப் பிந்தைய தொலைபேசிப் பதிவில் இருவருக்கும் இடையே 72 அழைப்புகள், அதில் 53 இவர் பக்கத்திலிருந்து போனவை. டொரோன்டோவுக்கு அருகே காஸ்பியின் நிகழ்ச்சிக்குப் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

இதில் தாமதத்தை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு வருஷம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்ய முடியாது, உள்ளே போனது என்ன மருந்து என்று தெரியாது. வழக்குக்கு அது உண்மையான நஷ்டம். அன்றைய மாவட்ட அரசு வழக்கறிஞர் புரூஸ் காஸ்டர், போதிய ஆதாரம் இல்லை என்று 2005 பிப்ரவரியிலேயே வழக்கை எடுக்க மறுத்தார். ஆனால் ஆதாரம் அழிந்துபோனது என்பதிலிருந்து, புகார் பொய் என்பதற்கு எப்படித் தாவுகிறோம்? அதற்குத் தனியாக வேறு காரணம் வேண்டுமே.

53 அழைப்புகள் மேலும் சிக்கலானவை. கூடைப்பந்து வேலை சம்பந்தமாகக் காஸ்பி கூப்பிட்டதற்குத் திரும்பக் கூப்பிட்டேன் என்றார் கான்ஸ்டண்ட். வேலை பார்க்கும் இடத்தின் அறங்காவலர் கூப்பிட்டால் எடுக்காமல் இருக்க முடியுமா? 2018 விசாரணையில் பார்பரா ஜிவ் என்ற மனநல மருத்துவர் முதல் சாட்சியாக வந்தார். பாதிக்கப்பட்டவர்கள் தாமதமாகச் சொல்வதும், தாக்கியவரோடு தொடர்பில் இருப்பதும் சாதாரணமாக நடப்பதுதான் என்று ஜூரிக்கு, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவுக்கு, விளக்கினார். அதனால் புகார் உண்மை என்று ஆகிவிடாது. பொய் என்று காட்டவும் அந்த அழைப்புகளைப் பயன்படுத்த முடியாது, அவ்வளவுதான். இப்படி எந்தப் பக்கமும் சாயாத சாட்சியம் நிறைய உண்டு. நாம்தான் இழுத்துப் பிடித்து ஒரு பக்கம் சாய்க்கிறோம்.

என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கில் மிகக் கனமானது காஸ்பியின் சொந்த வாய்ச்சொல். கான்ஸ்டண்ட் போட்ட சிவில் வழக்கில் 2005, 2006இல் சத்தியம் செய்து அவர் வாக்குமூலம் கொடுத்தார். கான்ஸ்டண்டின் வக்கீல் கேட்கிறார்: உடலுறவு கொள்ள விரும்பிய இளம்பெண்களுக்குக் கொடுக்கும் எண்ணத்தில்தான் குவாலூட் என்ற மயக்க மாத்திரையை வாங்கினீர்களா? பதில், ஆம். அவர் சொன்னது 1970களில் வாங்கியதைப் பற்றி. இன்னோர் இடத்தில் கான்ஸ்டண்டோடு இருந்த இரவை விவரிக்கிறார். அவள் ஏதும் சொன்னதாகக் கேட்கவில்லை, அனுமதிக்கும் மறுப்புக்கும் நடுவிலுள்ள ஓர் இடத்துக்குள் போகிறேன், யாரும் என்னை நிறுத்தவில்லை என்கிறார். இதை வாசித்தபோது நான் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எதிரி புனைந்த வார்த்தை என்று சொல்லித் தப்பிக்க இதில் வழியே கிடையாது. ஏறக்குறைய பத்து வருஷம் சீலிடப்பட்டிருந்த அந்த வாக்குமூலத்தின் சில பகுதிகளை 2015 ஜூலையில் நீதிபதி எட்வர்டோ ரொப்ரேனோ வெளியே விட்டார். புகார் காலாவதியாகச் சில நாட்களே இருந்த நிலையில், டிசம்பர் 30 அன்று காஸ்பி மேல் குற்றவழக்கு பாய்ந்தது.

அடுத்து எண்ணிக்கை. சுமார் 60 பெண்கள் புகார் சொன்னார்கள். அந்த எண்ணை மட்டும் காட்டி வாதம் முடிந்துவிட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. செய்தி பரவிய பிறகு சொல்லப்படும் கதையில் செய்தியின் சாயல் ஏறிவிடலாம். இந்தப் பெண்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்களா, இது செய்தியாவதற்கு முன்பே யாரிடமாவது சொன்னார்களா என்றுதான் நான் கேட்பேன்.

ஜேனிஸ் டிக்கின்சன் என்ற மாடல் 2018இல் சாட்சி சொன்னார். 1982இல் டாஹோ ஏரிப் பக்கம் நடந்தது என்றார். குறுக்கு விசாரணையில் காஸ்பியின் வக்கீல் அவருடைய சுயசரிதையை எடுத்து நீட்டினார். 2002இல் வந்த அந்தப் புத்தகத்தில், காஸ்பியோடு எதுவும் நடக்கவில்லை என்பதுபோல எழுதியிருக்கிறது. அத்தோடு கதை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் பதிப்பாளர் சாட்சிக் கூண்டுக்கு வந்தார். உண்மையில் நடந்ததை டிக்கின்சன் அன்றே என்னிடம் சொன்னார், சட்டப் பிரிவுதான் அதை அச்சிட ஒப்புக்கொள்ளவில்லை என்றார். புகார்கள் குவிவதற்குப் பல வருஷம் முன்பே சொல்லப்பட்டது என்பதுதான் இங்கே எடை. டிவியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்ற வாதம் அந்த இடத்தில் அடிபட்டுப் போகிறது.

இப்படி ஐந்து பெண்கள் 2018இல் சாட்சி சொன்னார்கள். 2017இல் நடந்த முதல் விசாரணையில் நீதிபதி இப்படி ஒரே ஒரு பெண்ணைத்தான் அனுமதித்திருந்தார். அந்த ஜூரியால் ஒருமனதாக முடிவெடுக்கவே முடியவில்லை. இரண்டாவது ஜூரி மூன்று பிரிவுகளிலும் குற்றவாளி என்றது, தண்டனை 3 முதல் 10 வருஷம். அதே புகார், அதே வாக்குமூலம், முடிவு மட்டும் வேறு. இதற்கு அந்த ஐந்து பேர் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கான்ஸ்டண்ட் 2006இல் சமரசமாக 33.8 லட்சம் டாலர் வாங்கிய விவரமும் இரண்டாவது ஜூரிக்குத்தான் சொல்லப்பட்டது. பணத்துக்காகப் போட்ட வழக்கு என்றது காஸ்பி தரப்பு. தவறே செய்யாதவர் இவ்வளவு கொடுப்பாரா என்று கேட்டது அரசுத் தரப்பு. என் கணக்கில் அந்தப் பணம் எதையும் நிரூபிக்கவில்லை. வழக்கை முடித்துக்கொள்ள ஆட்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்.

அப்புறம் 2021 ஜூன் 30. பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது, காஸ்பி அன்றே வீட்டுக்குப் போனார். நிரபராதி என்று தீர்ப்பாகிவிட்டது என்று பலர் பகிர்ந்தார்கள். தீர்ப்பில் அப்படி இல்லை. வழக்குப் போட மாட்டோம் என்ற காஸ்டரின் வார்த்தையை நம்பித்தான் காஸ்பி சிவில் வழக்கில் வாய் திறந்தார், அந்த வாக்குமூலத்தையே பிறகு அவருக்கு எதிராகத் திருப்பியது நியாயமான நடைமுறைக்கு விரோதம் என்றது நீதிமன்றம். மாத்திரையைப் பற்றியோ சம்மதத்தைப் பற்றியோ அது முடிவு சொல்லவில்லை. இந்த ரத்து எனக்குக் கசக்கிறது. ஆனால் அரசு கொடுத்த வாக்கை அரசே மீறலாம் என்று விட்டால் நாளைக்கு யாருக்கும் பாதுகாப்பு இல்லை என்பதும் புரிகிறது.

கடைசியாக, 2022இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு சிவில் வழக்கு. 1975இல், 16 வயதில், பிளேபாய் பத்திரிகை அதிபரின் மாளிகையில் காஸ்பி தன்னிடம் அத்துமீறினார் என்றார் ஒரு பெண். முதலில் அவர் சொன்ன வருஷம் 1974, வயது 15. கூட வந்த தோழி, அங்கே டாங்கி காங் வீடியோ கேம் விளையாடினோம் என்றார். அந்த விளையாட்டு வெளிவந்ததே 1981இல்தான்! காஸ்பியின் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. டாங்கி காங் மாதிரி விளையாட்டுகள் என்றுதான் சொன்னேன் என்றார் தோழி. இன்னொரு பக்கம், அந்த மாளிகையில் காஸ்பியோடு அவர்கள் நிற்கும் புகைப்படங்கள் ஜூரி கையில் இருந்தன. அங்கே போனார்களா என்பதைப் படம் காட்டிவிடுகிறது, உள்ளே என்ன நடந்தது என்பதைக் காட்டாது. 47 வருஷம் கழித்து விளையாட்டின் பெயரில் தடுமாறுவதையும் நடந்த சம்பவத்தையே மறப்பதையும் ஜூரி ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளவில்லை. சிவில் வழக்கில் எந்தப் பக்கம் அதிகம் நம்பும்படி இருக்கிறது என்று பார்த்தால் போதும், 12 பேரில் 9 பேர் ஒத்துக்கொண்டால் போதும். அந்த அளவுகோலில் 5 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். தண்டனையாகக் கூடுதல் தொகை விதிப்பதற்கு இன்னும் உறுதியான நிரூபணம் வேண்டும். அந்தக் கூடுதல் தொகையை ஜூரி விதிக்கவில்லை.