இரட்டை வன்தட்டு காப்புநகல் ஆகாது

நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பல குடும்பங்களில் தாத்தாவின் பிறப்புப் பத்திரமும், நிரந்தரவாசியான பாட்டியின் சிவப்பு அடையாள அட்டையும், இடிக்கப்பட்ட லயத்து வீட்டின் முன் எடுத்த கல்யாணப் படங்களும் ஸ்கேன் செய்யப்பட்டு, யாரோ ஒருவரின் கைப்பேசியிலோ பழைய மடிக்கணினியிலோ கிடக்கின்றன. குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு பழைய தாளின் அருமை தெரியும். இவற்றையெல்லாம் வீட்டார் அனைவரும் பார்க்கும்படி ஒரே இடத்தில் சேர்த்துவைக்கும் கோப்புச் சேவையகத்தை வீட்டிலேயே அமைப்பது பற்றி இன்று பேசுகிறேன்.

எட்டு ஜிபி நினைவகம் உள்ள பழைய மேசைக் கணினி, ஒரே கொள்ளளவுள்ள இரண்டு வன்தட்டுகள், கணினியைக் கோப்புச் சேவையகமாக மாற்றும், இலவசமாகக் கிடைக்கும் ட்ரூநாஸ் மென்பொருள் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். ஒரே தரவை இரண்டு தட்டுகளிலும் எழுதும்படி அமைக்க வேண்டும். வன்தட்டு வாங்கும்போது மட்டும் அவசரம் கூடாது. கூரை ஓடுகளைப் போலத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்.எம்.ஆர். வகைத் தட்டுகள், பழுதான தட்டின் இடத்துக்கு வந்து முழுத் தரவையும் திரும்ப எழுத வேண்டிய நேரத்தில் மிகவும் மந்தமாகிவிடும் என்பதால், தடங்களை அப்படி ஏற்றாமல் எழுதும் சி.எம்.ஆர். வகை என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

தட்டில் கோப்புகளை எழுதி ஒழுங்குபடுத்த ட்ரூநாஸ் பயன்படுத்தும் இசட்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமை, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவானது. வன்தட்டில் ஓரிடம் சத்தமில்லாமல் கெட்டுப்போனால், நன்றாக இருந்த படத்தின் கீழ்ப்பாதி ஒருநாள் வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும். இசட்.எஃப்.எஸ். ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் குறித்துவைத்து, படிக்கும்போது அந்த எண் ஒத்துவராவிட்டால், இணைத் தட்டிலுள்ள நல்ல பிரதியைக் கொண்டு தானே திருத்திக்கொள்கிறது. மாதம் ஒருமுறை தட்டு முழுவதையும் இவ்வாறு சோதிக்கும்படி அமைத்துவிடுங்கள்.

இரண்டு தட்டுகள் இருப்பதால் காப்புநகல் இருக்கிறது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஒரு தட்டு செயலிழந்தால் மற்றது தாங்கும், அவ்வளவுதான். பேரப்பிள்ளை ஒரு கோப்புறையை அழித்தால் அது இரண்டிலும் அந்த நொடியே அழியும்; 2017இல் உலகெங்கும் பரவிய வன்னாகிரை போன்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் பூட்டினால் இரண்டும் சேர்ந்தே பூட்டப்படும். முந்தைய நிலைகளைப் பதிந்துவைக்கும் வசதி ஓரளவு கைகொடுக்கும், ஆனால் அந்தப் பதிவுகளும் அதே பெட்டிக்குள்தான் இருக்கின்றன. நம் ஊர்ப் பக்கம் பிற்பகலில் இடி இறங்கினால், மின்கம்பி வழியாகவோ செம்புத் தொலைபேசிக் கம்பி வழியாகவோ வரும் மின்னெழுச்சி பெட்டியிலுள்ள எல்லாவற்றையும் ஒரே அடியில் கொண்டுபோகலாம். மின்சாரம் தடைபட்டாலும் கணினியைச் சிறிது நேரம் இயக்கும் யூ.பி.எஸ். அவசியம், எனினும் நேரடி இடியை அது தடுக்கும் என்று எண்ண வேண்டாம்.

ஆகவே, நகலெடுத்து முடித்ததும் கம்பியைக் கழற்றி அலமாரியில் வைக்கும் வெளிவன்தட்டு ஒன்று வேண்டும். மூன்று பிரதிகள், இருவகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில் என்ற விதியைப் பரப்பியவர் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ. அந்த வேறிடம் ஈப்போவிலுள்ள அக்கா வீடாக இருக்கலாம். அடையாள அட்டைப் படிகள் அதில் இருப்பதால் கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி தட்டைக் குறியாக்கம் செய்து, கடவுச்சொல்லைத் தாளில் எழுதி இரு வீட்டிலும் தனியே வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அந்த நகலிலிருந்து ஒரு கோப்புறையை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, படங்கள் திறக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். நகல் எடுக்கப்பட்டது என்று திரையில் வரும் செய்தியை மட்டும் நம்ப வேண்டாம்.

சேவையகத்துக்கு இன்னும் பணம் சேரவில்லை என்றால், வெளிவன்தட்டுகள் இரண்டை முதலில் வாங்கி, ஒன்றை அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். சேவையகம் அடுத்த ஆண்டு வரட்டும். நன்றி, வணக்கம்.