மாட்சுனோசுகேவை இந்த ஸ்பீடுல பாக்காதீங்க ப்ளீஸ்!

வணக்கம் மக்களே! இன்னிக்கு செம கடுப்புல இருக்கேன். ஊமைப்படத்தை வேகமா ஓட்டி, மேல டொய்ங் டொய்ங்னு மியூசிக் போட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். நேத்து ஒருத்தர் அனுப்பின லிங்க்ல அதேதான். அதுவும் யாரை? ஓனோயே மாட்சுனோசுகேவை!

ஜப்பான் சினிமாவோட முதல் சூப்பர் ஸ்டாருங்க அவரு. 1909ல மகினோ ஷோசோ டைரக்‌ஷன்ல முதல் படம். 1926ல சாகுறதுக்குள்ள ஆயிரம் படத்துக்கு மேல. பதினேழு வருஷம்தான், கணக்குப் போடுங்க, வாரத்துக்கு ஒண்ணு போட்டாக்கூட அவ்வளவு வராது! நிறைய குட்டிக் குட்டிப் படம், சரி. அதுல இன்னிக்கு மிஞ்சினது விரல் விட்டு எண்ணுற அளவுதான். மிஞ்சினதையாவது ஒழுங்கா காட்டுங்கப்பா!

அன்னிக்கு கேமராவைக் கையால சுத்துவாங்க. நொடிக்கு 16 ஃப்ரேம், சில சமயம் அதுக்கும் கம்மி. அதை 24ல ஓட்டினா மனுஷன் தறிகெட்டு ஓடாம என்ன செய்வான்? நான் வீடியோ ஸ்பீடை 0.5 வெச்சுப் பாத்தேன், இழுவை. 0.75 வெச்சேன். அடடா! அந்த கியர் பட்டனை அமுக்கி 0.75 வைங்க, இப்பவே வைங்க, நான் வெயிட் பண்றேன்.

படம் 1921ல வந்த 'ஜிராயா'. தவளை மந்திரம் தெரிஞ்ச ஒரு நிஞ்சாவோட பழைய ஜப்பான் கதை. நருட்டோ அனிமே பாத்தவங்களுக்குப் பேரு கேட்டதுமே பல்ப் எரியும். ஜிராயா, ஒரோச்சிமாரு, சுனாடே மூணு பேருமே இந்தப் பழைய கதையில இருந்து வந்தவங்கதான். குப்புனு புகை, ஆள் மாயம், அந்த இடத்துல ராட்சசத் தவளை! கேமராவை நிறுத்தி, ஆளை மாத்தி, திரும்பச் சுத்துறது. அவ்வளவுதான் டெக்னிக். எனக்கு இன்னிக்கு வர்ற கிராஃபிக்ஸை விட இதுதான் பிடிக்கும்.

ஆனா 0.75ல நான் பாத்தது தவளையை இல்ல. சண்டை நடுவுல சட்டுனு நின்னு, கழுத்தை வெடுக்குனு திருப்பி, கண்ணை உருட்டி ஒரு முறை முறைக்கிறாரு பாருங்க. கபுகிங்கிற ஜப்பான் நாடக மேடையில பழகின உடம்பு. வேகமா ஓட்டினா அந்த நிப்பே காணாமப் போயிடுது! ஜனங்க அவருக்கு 'முட்டைக்கண்ணு மாட்சான்'னு செல்லப்பேரு வெச்சதே அந்தக் கண்ணுக்குத்தான்.

ஆங், சொல்ல விட்டுட்டேன், அப்ப தியேட்டர்ல பெஞ்சின்னு ஒருத்தர் திரை பக்கத்துல நின்னு படத்துல வர்ற எல்லாருக்கும் குரல் குடுத்துக் கதை சொல்வாரு. அதனால பெஞ்சி குரல் சேத்த பிரின்ட் கிடைச்சா அதை விடாதீங்க. வெறும் மியூசிக் பிரின்ட்டை விட நூறு மடங்கு மேல்.

லிங்க் கீழ இருக்கு. 0.75, மறக்காதீங்க. பாத்துட்டு அந்த முறைப்பு எத்தனாவது நிமிஷத்துல வருதுன்னு கமென்ட்ல போடுங்க.