கீழ்ப்பிரிவுக் கழகமும் ரசிகர்களின் மே மாதக் கணக்கும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

கால்பந்து என்றதும் பெரும்பாலும் பிரீமியர் லீக்கைப் பற்றியும் சாம்பியன்ஸ் லீக்கைப் பற்றியும்தான் நாம் பேசுகிறோம். இன்று நான் பேச வந்திருப்பது அவற்றுக்குப் பல படிகள் கீழே ஆடும் கழகங்களைப் பற்றியும், ஒவ்வோர் ஆண்டும் பருவம் முடிந்த கையோடு அக்கழகங்களின் ரசிகர்கள் தங்களுக்குள் நடத்தும் நீண்ட விவாதத்தைப் பற்றியும்தான். யார் நன்றாக ஆடினார், யார் கைவிட்டார், மேலாளர் நீடிக்கலாமா, அடுத்த பருவத்தில் மேலே ஏறுவோமா என்று தொடரும் அந்தப் பேச்சை வெறும் பொழுதுபோக்கு என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. கீழ்ப்பிரிவுக் கழகத்தில் வீரர் ஓரிரு ஆண்டுகளில் போய்விடுவார்; மேலாளர் பெரும்பாலும் அதற்கு முன்பே போய்விடுவார்; உரிமையாளரும் மாறுவார். நிலைத்து நிற்பவர்கள் ரசிகர்கள் மட்டுமே. அவர்கள் எதைக் கவனிக்கிறார்கள், எதைக் கேட்காமல் விடுகிறார்கள் என்பது பல கழகங்களின் ஆயுளையே தீர்மானித்திருக்கிறது.

இங்கிலாந்தின் லீக் அமைப்பை எடுத்துக்கொள்வோம். 1888-இல் தொடங்கிய அந்த லீக்கில் நான்காம் நிலையில் இருப்பது லீக் டூ. 24 கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் 46 ஆட்டங்கள். முதல் 3 இடங்களைப் பிடிப்பவர்கள் நேராக மேலே செல்வார்கள். அடுத்து வருபவர்களுக்கு பிளே-ஆஃப் என்னும் கூடுதல் வாய்ப்பு உண்டு. கடைசி 2 இடங்களில் முடிப்பவர்கள் லீக்கை விட்டே வெளியேறி, ஐந்தாம் நிலையான நேஷனல் லீக்குக்கு இறங்குவார்கள். 1986 வரை இப்படி இறங்கும் வழக்கம் கிடையாது. கடைசியில் நின்ற கழகங்கள் மற்ற கழகங்களின் வாக்கைப் பெற்றுத் தங்கள் இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள முடிந்தது. 1987-இல் ஒரு கழகம் ஏற ஒரு கழகம் இறங்கும் முறை வந்தது. 2003-இல் அது இரண்டானது. அன்றிலிருந்து பட்டியலின் அடிப்பகுதியில் இருக்கும் ரசிகருக்குப் பிப்ரவரி மாதத்துக்குப் பிறகு நிம்மதி என்பதே இல்லை.

அந்தப் பதற்றம் எப்படிப்பட்டது என்பதற்கு 1999 மே 8-ஆம் தேதி கார்லைல் நகரின் பிரன்டன் பார்க் மைதானத்தில் நடந்ததைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. கார்லைல் யுனைடெட் அன்று வென்றால்தான் லீக்கில் நீடிக்க முடியும். பிளிமத் ஆர்கைலுடன் ஆட்டம் 1-1 என்று நிற்கிறது. இறங்காமல் தப்பும் போட்டியில் இருந்த மற்றொரு கழகமான ஸ்கார்பரோ தன் ஆட்டத்தை முடித்துவிட்டது. அதன் ரசிகர்கள் பிழைத்துவிட்டோம் என்று மைதானத்துக்குள் இறங்கிக் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். இங்கே காயங்களுக்காகக் கூட்டப்பட்ட நேரத்தின் 4-ஆவது நிமிடத்தில் கார்லைலுக்கு ஒரு கார்னர் கிடைக்கிறது. கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் தன் கோலை விட்டுவிட்டு எதிர்முனைக்கு ஓடிவருகிறார். சக வீரர் தலையால் முட்டிய பந்தை பிளிமத் கோல்கீப்பர் தடுக்க, அது தெறித்து நேராக கிளாஸின் காலடிக்கு வருகிறது. அவர் வலது காலால் அடித்தார்; கார்லைல் பிழைத்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கோலோடு நிறுத்திவிடுவார்கள். ஒரு கழகத்தின் பருவத்தை உண்மையாகப் பேச விரும்புகிறவர் அதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். கிளாஸ் அந்தக் கழகத்தின் சொந்த வீரர் அல்லர். கார்லைல் தன் முதன்மைக் கோல்கீப்பரை மார்ச் மாதத்தில் விற்றுவிட்டதால் ஏற்பட்ட நெருக்கடியில் ஸ்விண்டன் கழகத்திடமிருந்து லோன் முறையில், அதாவது தற்காலிக இரவலாக, வந்தவர். கார்லைலுக்காக அவர் ஆடியவை மொத்தம் 3 ஆட்டங்கள்தான். தோல்வியின் விளிம்பில் நிற்கும் கழகம் பருவத்தின் நடுவில் கோல்கீப்பரை ஏன் விற்றது என்ற கேள்வியை அந்த ஒரு கோல் மறைத்துவிட்டது. 5 ஆண்டுகள் கழித்து, 2004-இல், கார்லைல் எப்படியும் லீக்கிலிருந்து இறங்கியது. ஸ்கார்பரோவின் கதி இன்னும் கொடுமையானது. தானியங்கி உயர்வு முறையில் 1987-இல் முதன்முதலாக லீக்கில் நுழைந்த அந்தக் கழகம், 1999-இல் வெளியேறி, கடன் சுமையால் 2007-இல் கலைக்கப்பட்டது.

வீரர்களைப் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். மே மாதத்தில் ஒவ்வொரு கழகமும் யாரை வைத்துக்கொள்கிறது, யாரை விடுவிக்கிறது என்ற பட்டியலை வெளியிடும். ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30-இல் முடிகின்றன. கீழ்ப்பிரிவுகளில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ மட்டுமே என்பதால், ஒரே கோடையில் பாதி அணி கலைந்துபோவது அங்கே வாடிக்கை. லோனில் வந்தவர்கள் தாய்க் கழகங்களுக்குத் திரும்பிவிடுவார்கள். ஆகவே ஒரு முன்கள வீரர் 20 கோல் அடித்தார் என்று மகிழும்போதே, அவற்றில் எத்தனை பெனால்டி, எத்தனை கோல் பருவத்தின் முதல் பாதியில் வந்தன, அவருக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்த பக்கவாட்டு வீரர் யாருடைய ஒப்பந்தத்தில் இருக்கிறார் என்றும் கேட்க வேண்டும். கொடுத்தவர் லோன் வீரராக இருந்தால், அடுத்த ஆண்டு அதே முன்கள வீரர் 8 கோலோடு நின்றுவிடக்கூடும். அப்போது அவர் சோம்பேறியாகிவிட்டார் என்று ஏசுவது பெரும் அநியாயம்.

எண்களில் தெரியாத பங்களிப்பும் உண்டு. 34 வயதைத் தாண்டிய நடுத் தடுப்பாட்டக்காரர் ஒருவர் ஏறக்குறைய எல்லாக் கீழ்ப்பிரிவு அணிகளிலும் இருப்பார். அவர் கால் வேகம் போய்விட்டது என்று மைதானம் முழுவதும் முணுமுணுக்கும். எதிரணிக்குக் கார்னர் கிடைத்ததும் அவரை மட்டும் பாருங்கள். பந்து வைக்கப்படுவதற்கு முன்பே தலையைத் திருப்பித் திருப்பி ஆட்களை எண்ணுவார். 19 வயதுப் பையன் ஒருவனின் சட்டையைப் பிடித்து இரண்டடி உள்ளே இழுத்து நிறுத்துவார். கோல்கீப்பருக்குக் கையால் ஏதோ சைகை காட்டுவார். அந்த இரண்டடியால் தடுக்கப்பட்ட கோல் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. அவரை விடுவித்துவிட்டு, அவரைவிட வேகமான இருவரைச் சேர்த்த அணி ஆகஸ்டு மாதத்தில் ஏன் கார்னர்களிலிருந்து கோல் வாங்குகிறது என்று பிறகு வியப்பார்கள். மைதானத்துக்கு வழக்கமாகச் செல்லும் ரசிகர் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

இளம் வீரர்கள் விஷயத்தில் ரசிகர்களின் பேச்சு அவசரப்படுகிறது என்பது என் கருத்து. முன்கள வீரர் ஆலி வாட்கின்ஸ், கீழ்ப்பிரிவுக் கழகமான எக்ஸெட்டர் சிட்டியின் பயிற்சி அமைப்பில் வளர்ந்தவர். முதல் அணியில் உடனே நிலைபெற முடியாமல், நேஷனல் லீக்குக்கும் கீழே ஆடிய வெஸ்டன்-சூப்பர்-மேர் கழகத்துக்கு லோனில் அனுப்பப்பட்டார். அப்போதே இவன் தேறமாட்டான் என்று முடிவு கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எக்ஸெட்டர் பொறுத்திருந்தது. 2017-இல் அவரை பிரென்ட்ஃபோர்டுக்குச் சுமார் 18 லட்சம் பவுண்டுக்கு விற்றபோது, மறுவிற்பனையில் தனக்கு ஒரு பங்கு உண்டு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டது. 2020-இல் ஆஸ்டன் வில்லா 2 கோடியே 80 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியதும் அந்தப் பங்கு எக்ஸெட்டரின் கணக்கில் வந்து சேர்ந்தது. நல்ல வீரரை விற்றுவிட்டார்களே என்று கொதிக்கும் ரசிகர், என்ன விலைக்கு என்று கேட்பதோடு நின்றுவிடாமல், மறுவிற்பனைப் பங்கு எழுதப்பட்டிருக்கிறதா என்றும் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை விரிவாகச் சொன்னேன்.

எக்ஸெட்டர் இப்படி நடந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. 2003-இல் அந்தக் கழகம் லீக்கிலிருந்து விழுந்து, கடனில் மூழ்கிக் கிடந்தபோது, ரசிகர்களின் அறக்கட்டளையே அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2005 ஜனவரியில், எல்லா நிலைக் கழகங்களும் மோதும் எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் சொந்த மைதானத்தில் 0-0 என்று தடுத்து நிறுத்தியதால் கிடைத்த வசூல் கடன் சுமையைக் குறைக்க உதவியது. 2008-இல் லீக்குக்குத் திரும்பியது. பின்னர் 2017, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் லீக் டூ பிளே-ஆஃப் இறுதிப் போட்டியில் மூன்று முறை தோற்றது. தனி முதலாளி ஒருவர் இருந்திருந்தால் கோபத்தில் கையை விரித்திருக்கலாம், அல்லது அடுத்த முறை எப்படியாவது ஏறிவிட வேண்டும் என்று கையிருப்பு முழுவதையும் சம்பளத்தில் கொட்டியிருக்கலாம். எக்ஸெட்டர் இரண்டையும் செய்யாமல் 2022-இல் பிளே-ஆஃப் இன்றி நேராகவே மேலே ஏறியது.

இதற்கு நேர்மாறானது பெரி (Bury) என்னும் கழகத்தின் கதை. 1885-இல் தோன்றி, 1894 முதல் லீக்கில் ஆடி, 1900-இலும் 1903-இலும் எஃப்.ஏ. கோப்பையை வென்ற கழகம் அது. 2018-19 பருவத்தில் லீக் டூவில் இரண்டாம் இடம் பிடித்து மேலே ஏறும் தகுதியும் பெற்றது. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு அது பொற்காலமாகத் தெரிந்திருக்கும். அதே மாதங்களில் வீரர்களுக்குச் சம்பளம் நிலுவையில் இருந்தது. அந்தப் பருவத்தின் நடுவில்தான் கழகம் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியிருந்தது. நிதி ஆதாரத்தைக் காட்ட முடியாததால் 2019 ஆகஸ்டு 27 அன்று பெரி லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. மேல்பிரிவில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. எத்தனை முறை நினைத்தாலும் என் மனம் ஆறாத நிகழ்வு இது. சம்பளம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை, அணி தோற்கும்போது எல்லாரும் கேட்பார்கள். வென்றுகொண்டிருக்கும்போது கேட்பவர்தான் கழகத்துக்குத் தேவை.

ரசிகர்கள் கேட்டும் பயனில்லாமல் போன இடங்களும் உண்டு. 2002-இல் விம்பிள்டன் கழகத்தைச் சுமார் 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸுக்கு மாற்ற அனுமதி கிடைத்தது. எதிர்த்துத் தோற்ற ரசிகர்கள் அந்தக் கோடையிலேயே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதிய கழகத்தைத் தொடங்கி, வட்டார லீக்கில் ஆடத் தொடங்கினார்கள். 9 ஆண்டுகளில் 5 முறை மேலேறி, 2011-இல் லூட்டன் டவுனை பெனால்டியில் வென்று லீக்குக்குள் வந்தார்கள். 2020-இல் பிளவ் லேன் என்ற தங்கள் பழைய பகுதியிலேயே புதிய மைதானம் கண்டார்கள்.

அன்று தோற்ற லூட்டனும் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் ரசிகருக்கு ஒரு பாடம். 2008-09 பருவத்தை 30 புள்ளி அபராதத்தோடு தொடங்கி லீக்கை இழந்த கழகம், 5 பருவங்கள் வெளியே இருந்து, 2014-இல் திரும்பி, 2023-இல் பிரீமியர் லீக்கையே எட்டியது. 2013-இல் வந்து சேர்ந்த பெலி ரடக் ம்பான்ஸு என்ற வீரர் நேஷனல் லீக் நிலையிலிருந்து பிரீமியர் லீக் வரை அதே சட்டையில் ஆடினார். ஆனால் 2024-இலும் 2025-இலும் தொடர்ந்து இரண்டு படிகள் இறங்கி லூட்டன் மீண்டும் மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டது. ஏறுவதற்கு 9 ஆண்டுகள் பிடித்தன. இறங்க 2 ஆண்டுகள் போதுமானதாக இருந்தன.

எனவே 14-ஆம் இடத்தில் முடித்த ஒரு கழகத்தின் வாய்ப்பை எப்படி மதிப்பிடுவது? வழக்கமாக ஆடிய 11 பேரில் 7 அல்லது 8 பேர் அடுத்த பருவத்துக்கும் ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள் என்றால், அந்த 14-ஆம் இடத்தை நான் 6-ஆம் இடத்துக்குச் சமமாக வைப்பேன். லோன் வீரர்களின் தோளில் ஏறி 6-ஆம் இடத்துக்கு வந்த அணியை அவ்வளவு நம்ப மாட்டேன். மைதானம் யார் பெயரில் இருக்கிறது என்பதை இவை எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். மைதானத்தை உரிமையாளரின் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றும் அறிவிப்பு வந்தால், அந்த நாளில் புதிய முன்கள வீரரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட வேண்டும்.

இங்கிலாந்தில் 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து ஆளுகைச் சட்டம், முதல் 5 நிலைகளில் உள்ள கழகங்களுக்குச் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றை உருவாக்கியிருக்கிறது. கழகம் இயங்க உரிமம் வேண்டும். உரிமையாளரின் தகுதி சோதிக்கப்படும். முக்கிய முடிவுகளில் ரசிகர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். இந்தச் சட்டம் தானாக எதையும் காப்பாற்றிவிடாது என்றாலும், ரசிகர்களின் கேள்விக்கு அங்கே இப்போது ஒரு சட்ட ஆதாரம் கிடைத்திருக்கிறது. கோடையில் உங்கள் கழகம் ரசிகர் கூட்டம் கூட்டினால், அது எந்த நாட்டுக் கழகமாக இருந்தாலும், ஒப்பந்தங்கள் முடியும் தேதிகளையும், விற்ற வீரர்களின் மறுவிற்பனைப் பங்கையும், மைதானத்தின் உரிமைப் பத்திரத்தையும் பற்றி முதலில் கேளுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். மேலாளரின் ஆட்ட முறையைப் பற்றிய விவாதத்தை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.