பிள்ளை கண்ணயரும் நேரத்தில் ஒரு பூ

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்களோடு பேசத்தான் வந்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் இருக்கிற மற்றவர்களும் கொஞ்சம் காது கொடுங்கள்.

என் மகளுக்கு இப்போது ஒன்பது மாதம். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பின்னல் வேலை என்றால் உயிர். பிள்ளை பிறந்து நாற்பத்தொரு நாள் கழிந்ததும் கம்பளி நூலையும் இரண்டு ஊசியையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன். கிடைக்கவே இல்லை. பச்சைப்பிள்ளை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் அத்தனையும் துண்டு துண்டான தூக்கம். நடுவில் எட்டு, பத்துத் தடவை பால் கொடுக்க வேண்டும். நம்ம ஊரில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. பிள்ளைத் துணி காய்ந்தபாடில்லை.

ஒருநாள் தொட்டிலில் அழுகைச் சத்தம் கேட்டு எழுந்த வேகத்தில் ஊசி உருவிக்கொண்டது. அதில் கோத்திருந்த அறுபது கண்ணியும், அதாவது நூல் வளையமும், போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதைப் பார்த்த என் மாமி, "மக்ளே, இதப் பிடி" என்று ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் தந்தார்கள். உள்ளே வெள்ளை நூலும், நுனியில் கொக்கி உள்ள குரோஷா ஊசியும். குரோஷாவில் எந்த நேரமும் ஊசியில் நிற்பது ஒரே ஒரு கண்ணிதான். பிள்ளை சிணுங்கினால் அந்தக் கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்திவிட்டு எழுந்துவிடலாம். மூன்று நாள் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலேயே நிற்கும். ஒரே துணியாகப் போடாமல் தனித்தனிப் பூவாகப் போட்டேன். ஒரு பூவுக்கு நான்கு சுற்று, இருபது நிமிடம். எல்லாம் சேர்ந்த பிறகு இணைத்துக்கொள்ளலாம்.

நம் மாவட்டத்து ரேந்தை வேலையே, அதாவது லேஸ் பின்னுவதே, இப்படிப்பட்டதுதான். 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1820களின் தொடக்கத்தில் இங்கே பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை சொல்லிக்கொடுத்தார். அன்றைய ரேந்தையைத் திண்டு மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவார்கள். நூல் பிரியாமல் குத்தின ஊசி பிடித்துக்கொள்ளும், பாதியில் எழுந்து போகலாம். ரேந்தை பின்னிக் கிடைத்த கூலியைச் சேர்த்து அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்ததே 1855இல்தான். என் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெண்களை நினைத்துக்கொள்வேன்.

இனி, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பிள்ளைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு வெள்ளை நூலைத் தொடாதீர்கள். சோப்பு போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் எண்ணெய் இருக்கும், நாளடைவில் நூல் மஞ்சளித்துவிடும். நான் இளநீல நூலுக்கு மாறிவிட்டேன். பிள்ளைக்குக் காலுறை பின்னினால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு நூல் பிசிறு விரலில் சுற்றினால்கூட ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும். ஓட்டை ஓட்டையான ரேந்தை வேலை பிஞ்சு விரலுக்கு வேண்டாம், நெருக்கமாகப் போடுங்கள். மணி, பொத்தான் எதையும் தைக்காதீர்கள், வாயில் போட்டுவிடும். தவழ ஆரம்பித்துவிட்டால் டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களே, பிள்ளை தூங்கும்போது அவள் நூலோடு உட்கார்ந்தால், "சும்மாதானே இருக்கே, அந்தத் துணியை மடிச்சு வை" என்று சொல்லிவிடாதீர்கள். ராத்திரியெல்லாம் விழித்தவளுக்கு அந்த இருபது நிமிடம்தான் மூச்சு விடுகிற நேரம். சாயங்காலம் என் மாமி பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீ ஒரு பூவைப் போட்டுட்டு வா, நான் கோழிக்குஞ்சைக் காட்டிட்டு வாறேன்" என்று முற்றத்துக்கு இறங்குவார்கள். அவர்கள் திரும்பி வரும்போது பெரும்பாலும் பூ முடிந்திருக்கும்.

மகளின் முதல் பிறந்தநாளுக்கு விரிப்பு ஒன்று இணைக்க நாற்பத்தெட்டுப் பூ வேண்டும். முப்பத்தொன்று ஆகிவிட்டது. முப்பத்திரண்டாவது பூ, ஊக்கு குத்தினபடி டப்பாவில் இருக்கிறது.

வணக்கம்.