பாம்பன் பாலத்துப் பூச்சு பச்சிளங்குழந்தைக்கு மருந்தா?

வணக்கம் மக்களே! பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன். காற்று மைக்கைப் பிடுங்குகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் தெரியும் புதுப் பாலத்தின் இரும்புக்குத் துத்தநாகம் பூசியிருக்கிறார்கள். ஜிங்க் என்றால் சட்டென்று புரியும். உப்புக்காற்று இரும்பை அரிக்க வந்தால், "முதலில் என்னைத் தின்னு" என்று முந்திக்கொண்டு நிற்கும் உலோகம் இது. நம்ம வீட்டு ஜி.ஐ. பைப்பில் இருப்பதும் இதுதான். விசைப்படகைக் கரையேற்றும்போது அடியில் குனிந்து பாருங்கள். சில படகுகளில் புரொப்பல்லர் பக்கம் பாதி கரைந்த ஒரு ஜிங்க் கட்டி இருக்கும். படகு அரிபடாமல் இருக்க, கட்டி கரைகிறது. கடன்காரனுக்கு முன்னால் போய் நிற்கிற அண்ணன் மாதிரி!

இதே ஜிங்க்கைக் கடும் தொற்று வந்த கைக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். டெல்லியில் 3 மருத்துவமனைகள், 7 நாள் முதல் 120 நாள் வரை வயதுள்ள 700 குழந்தைகள். எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் உண்டு. பாதிப் பேருக்குக் கூடவே தினம் 10 மில்லிகிராம் ஜிங்க், மீதிப் பேருக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்து (பிளசிபோ). முடிவு 2012இல் வந்தது. சிகிச்சை பலிக்காமல் போனது போலி மருந்துக் குழுவில் 17 சதவீதம், ஜிங்க் குழுவில் 10 சதவீதம். மரணத்தைக் குறைத்ததா என்று அந்த ஆய்வை வைத்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "ஜிங்க் உயிர் காக்கும்" என்று தம்ப்நெயில் போடாமல் என் கையைக் கட்டிப்போட்டது அதுதான்.

சரி, உடம்புக்குள்ளும் பூச்சு வேலைதானா? இல்லை. பாலத்தோடு ஒப்பிட்டது என் ஆசைக்கு. கிருமியோடு மோதும் அணுக்கள் பெருகுவதற்கு ஜிங்க் வேண்டும். தொற்று வந்தால் ரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடும்.

வயிற்றுப்போக்குக்கு ஜிங்க் மாத்திரை கொடுப்பது வேறு கதை, அது எப்போதோ நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் அப்பத்தாக்களே, வீட்டில் மிச்சமிருக்கும் அந்த மாத்திரையை வசம்போடு உரசி நாக்கில் தடவிவிடாதீர்கள்! கடும் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் இல்லாத ஜிங்க், இரும்பே இல்லாத பூச்சு. குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, உடம்பு கொதித்தாலோ சில்லிட்டாலோ, உடனே 108.

அப்புறம், அந்தப் படகுக் கட்டிக்கு உங்கள் ஊரில் என்ன பேர்? தொண்டிக்காரர்கள், மண்டபத்துக்காரர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.