எலும்பு சொல்லாத வரலாறு

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, மாலைக் குளிரையும் பாராமல் சுற்றுத் தோட்டங்களிலிருந்து அட்டன் நகருக்கு வந்து அமர்ந்திருக்கும் உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

"மனிதன் எங்கிருந்து வந்தான் என்ற நம் தேடலை அறிவியல் தணித்துவிட்டதா, இல்லையா?" இதுதான் இன்றைய தலைப்பு. தணிக்கவில்லை என்று வாதாட நான் வந்திருக்கிறேன். எதிரணியில் முதலில் பேசிய தங்கை, எங்களை அறிவியலுக்குப் பகைவர்கள் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டுப் போனார். அந்தக் குற்றச்சாட்டுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூர்ப்பை, அதாவது பரிணாமத்தை, நான் முழுமையாக ஏற்கிறேன். மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 48, நமக்கு 46. ஒரு சோடி எங்கே போயிற்று என்று தேடியவர்கள், நம்முடைய இரண்டாம் நிறமூர்த்தத்தில் இரண்டு பழைய நிறமூர்த்தங்கள் முனையோடு முனை ஒட்டிக்கொண்ட தடத்தையே கண்டெடுத்துக் காட்டினார்கள். இதற்கு மேலும் உறவு இல்லை என்று சாதிப்பவன் நான் அல்லன். அறிவியலில் எங்காவது ஓட்டை தெரிந்தால் அதில் ஒரு கடவுளை நுழைத்துவிடும் எண்ணமும் எனக்கு இல்லை.

ஆனால் நடுவர் அவர்களே, தலைப்பைக் கூர்ந்து பாருங்கள். அறிவியல் சொல்வது சரியா, பிழையா என்று அது கேட்கவில்லை. தேடல் தணிந்ததா என்று கேட்கிறது. தணிந்திருந்தால் ஒவ்வொரு கண்டுபிடிப்புக்குப் பின்னும் கேள்விகள் குறைந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? 1859இல் டார்வின் தம் பெரிய நூலை வெளியிட்டபோது, மனிதனின் தோற்றம் பற்றியும் வெளிச்சம் கிடைக்கும் என்பதற்கு மேல் அதில் துணிந்து எதுவும் எழுதவில்லை. 1974இல் எத்தியோப்பியாவில் 32 லட்சம் ஆண்டுப் பழைமையான 'லூசி' என்ற மனித மூதாதையின் எலும்புக்கூடு கிடைத்தது. 2010இல் சைபீரியக் குகையொன்றில் கிடைத்த ஒரு விரல் எலும்பின் மரபணு, அதுவரை யாரும் அறிந்திராத டெனிசோவர் என்ற ஒரு மனித இனத்தையே காட்டியது. 2017இல் மொரோக்கோவின் ஜெபல் இருட் எச்சங்கள், நம் இனத்தின் வயதை ஏறத்தாழ 2 லட்சத்திலிருந்து 3 லட்சம் ஆண்டுகளுக்குத் தள்ளின. இவை பெருமைக்குரிய வெற்றிகள். ஆனால் ஒவ்வொன்றும் பத்துப் புதிய கேள்விகளோடுதான் வந்தது.

நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலை ஏறாதவர்கள் இந்தச் சபையில் மிகச் சிலரே இருப்பார்கள். மார்கழியிலிருந்து வைகாசி வரை அந்தப் படிகளில் கூட்டம் ஓய்வதில்லை. உச்சியில் இருக்கும் ஒரே காலடியைச் சைவர்கள் சிவனுடையது என்கிறோம். பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள். இஸ்லாமியர்கள் முதல் மனிதரான ஆதம் நபியுடையது என்கிறார்கள். 1344இல் மொரோக்கோப் பயணி இபின் பதூதா அதைக் காணத்தான் இந்த மலை ஏறினார். முதல் மனிதன் கால் வைத்த இடத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவ்வளவு பழையது.

இன்னொரு காலடியும் இருக்கிறது. தான்சானியாவின் லாயிடோலியில், எரிமலைச் சாம்பல் விழுந்து, மழையில் நனைந்து, இறுகிப்போன தரையில் 1978இல் ஒரு தடம் வெளிப்பட்டது. வயது 36 லட்சம் ஆண்டுகளுக்கு மேல். ஏறத்தாழ 27 மீற்றர் நீளம். குதிகால் அழுந்தியிருக்கிறது, பெருவிரல் குரங்கின் விரல்போல விலகி நிற்காமல் நம் விரல்போல முன்னே நேராக நிற்கிறது. ஒரு பெரிய காலடி. அதன் மேலேயே மிதித்து வந்த இன்னொன்று. பக்கத்தில் ஒட்டியபடி ஒரு சிறிய காலடி. காலடியின் நீளத்தை அளந்து உயரத்தைக் கணித்தார்கள். இரண்டு காலில் நிமிர்ந்து நடந்தார்கள் என்று நிறுவினார்கள். எனக்கு அதைப் படிக்கும்போது மெய்சிலிர்த்தது. ஆனால் படித்த மறுகணமே மனம் என்ன கேட்டது தெரியுமா? அந்தச் சிறிய காலடி குழந்தையுடையதா? அது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்ததா? எரிமலை புகைந்துகொண்டிருந்தபோது ஒருவருக்கொருவர் என்ன சொல்லித் தைரியம் ஊட்டினார்கள்? சொல்ல அவர்களுக்குச் சொல் இருந்ததா? அளவுகோல் தன் வேலையைச் சரியாகச் செய்தது. நான் கேட்டது அளவுகோலிடம் இல்லை.

இந்தச் "சொல்" என்ற இடத்தில்தான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. மனிதனை மனிதனாக்கியது பேச்சு. பேச்சோ எலும்பாகாது, கல்லாகாது. மொழியின் தோற்றம் பற்றி ஆளாளுக்கு ஊகங்களை அடுக்கியதால், 1866இல் பாரிஸ் மொழியியல் சங்கம் அந்தப் பொருளில் கட்டுரைகளையே ஏற்பதில்லை என்று தன் விதிகளில் எழுதிவைத்தது. 1983இல் இஸ்ரேலின் கெபாரா குகையில் அழிந்துபோன நியண்டர்தால் மனித இனத்தைச் சேர்ந்த ஒருவரின், பேச்சுக்குத் துணைநிற்கும் நாவடி எலும்பு கிடைத்தது; அது நம்முடையதைப் போலவே இருந்தது. அப்படியானால் அவர் பேசினாரா? அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வீணை கிடைத்துவிட்டது, வாசித்த இராகம் கிடைக்கவில்லை.

"இன்று தெரியாதது நாளை தெரியும்" என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். தெரியாதவற்றில் இரண்டு வகை உண்டு, ஐயா. இன்னும் தோண்டப்படாதது ஒன்று. அதை நாளைக்குத் தோண்டலாம். தடமே வைக்காமல் அழிந்தது மற்றொன்று. முதல் தாலாட்டு காற்றோடு போயிற்று. எந்த மண்வெட்டி அதைத் தோண்டி எடுக்கும்? நாளை எல்லாம் தெரிந்துவிடும் என்பது நம்பிக்கை. நம்பிக்கையை விடையாக ஏற்காதே என்று நமக்குக் கற்றுத்தந்ததே அறிவியல்தான்.

தடம் இல்லாமல் போவது என்றால் என்னவென்று மலையகத்தாரைவிட யாருக்குத் தெரியும்? 1820களில் தொடங்கி நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கடல் கடந்து இலங்கைக்கு வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறை இல்லை. பல பேருக்குப் பெயரே மிஞ்சவில்லை. பிறகு 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இந்த மண்ணில் பிறந்ததைக் காட்டு, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த பிள்ளைக்கு எங்கே இருந்தது காகிதம்? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்தக் காயம் முழுதாக மூடவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அறிவியலையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. அது அநீதி, இது உண்மைத் தேடல். நான் சொல்ல வருவது ஒன்றே: சான்று இல்லை என்பதால் ஆள் இல்லை என்று ஆகிவிடாது. அதை நாம் உடம்பால் அறிந்தவர்கள்.

இன்று எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பினால், மரபணுப் பரிசோதனை உன் மூதாதையர் தென்னாசியர் என்று சொல்லிவிடும். சரிதான். மன்னார்க் கரையில் இறங்கிய என் பூட்டி யார் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள் என்று அது சொல்லாது. அது வரலாற்றின் குறை, அறிவியலின் குறை அன்று என்பீர்கள். இருக்கட்டும். 200 ஆண்டுக்கு உட்பட்ட ஒரு நடையே இப்படி மறைந்துவிட்டதென்றால், 36 லட்சம் ஆண்டுக்கு முந்தைய நடையைப் பற்றி "தேடல் தணிந்தது" என்று எந்தத் துணிவில் சொல்கிறீர்கள்?

அறிவியலின் எல்லையைப் பேசினால் மாணவர்கள் மூடநம்பிக்கையில் விழுவார்கள் என்றும் எதிரணியினர் அச்சப்பட்டார்கள். பின்வரிசையில் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் எல்லாம் கண்டாயிற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கிருந்து கொழும்புக்குப் போகும் பஸ் கடக்கின்ற கித்துள்கலையில் பெலிலென குகை இருக்கிறது. ஆதி மனிதர் வாழ்ந்த இடம். நம் நாட்டின் இன்னொரு குகையான பாஹியங்கலவில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்பே குரங்கு எலும்பைச் சீவி அம்புமுனை செய்திருக்கிறார்கள். கடற்சிப்பியைத் துளையிட்டு மணியாக்கியிருக்கிறார்கள். கடற்கரையிலிருந்து காட்டுக்குள் அந்த மணி எப்படி வந்தது, யார் யாருக்குக் கொடுத்தார் என்று கேட்க இந்தப் பிள்ளைகளுக்கு உரிமை இருக்கிறது. அந்தக் கேள்வியோடு அவர்கள் தொல்லியல் படிக்கப் போகட்டும். பாதிக்கு விடை கொண்டுவரட்டும். மீதியை அடுத்தவரிடம் கேள்வியாகவே ஒப்படைக்கட்டும்.

தணிக்கவில்லை என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.