நம்ம சாமி எப்ப வருவாரு?

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் என் வணக்கம்.

'சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கச் சபையை வாழவைத்தது விசுவாசமா, மொழியா?' மொழியே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவி முக்கியமாக இரண்டு வாதங்களை வைத்தார். அந்தக் காலத்தில் தமிழனுக்கும் சீனனுக்கும் பூசை லத்தீனில்தான், ஆகவே மொழிக்கு அங்கே வேலையே இல்லை என்றார். தமிழருக்கென்று இருந்த லூர்து மாதா கோயில் 1974இல் எல்லா மொழியினருக்கும் பொதுவான பிறகும் சபை அழிந்துவிடவில்லையே என்றும் கேட்டார்.

லத்தீன் வாதம் வலுவானது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

குவீன் ஸ்திரீட்டில் 1870இல் எழுந்த புனித பேதுரு பவுல் கோயிலில் சீனரும் தமிழரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். ஒரே பீடம், ஒரே லத்தீன் பூசை. விசுவாசம் மட்டும் போதும் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லையே! மெனுவ்ரியே என்ற பிரெஞ்சுக் குருவானவர் தமிழருக்கென்று தனிக்கோயில் கட்டப் பணம் திரட்டினார். 1886இல் அடிக்கல் வைத்து, 1888இல் ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா கோயில் எழுந்தது. பிரான்சிலுள்ள லூர்து பேராலயத்தின் சாயலில் கட்டியது. இன்றைக்கும் நிமிர்ந்து நிற்கிறது.

அது இனப் பிரிவினை, மொழிப் பிரிவினை இல்லை என்று எதிரணி சொல்லக்கூடும். அப்படியானால் சீனரைப் பாருங்கள். 1910இல் கேன்டனீஸும் ஹக்காவும் பேசியவர்கள் டேங்க் ரோட்டில் திரு இருதய ஆலயத்துக்குப் போனார்கள். தியோச்சு பேசியவர்கள் பழைய கோயிலிலேயே தங்கினார்கள். ஒரே இனம், ஒரே விசுவாசம், அதே லத்தீன். அவர்களுக்குள் வேறாக இருந்தது நாக்கில் இருந்த பேச்சு ஒன்றுதான்.

பூசை லத்தீனாக இருக்கட்டும். பிரசங்கம் எந்த மொழியில்? பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் எந்த மொழியில்? அதையெல்லாம் விடுங்கள். பாவசங்கீர்த்தனம், அதாவது மரச்சட்டத்துக்குப் பின்னால் இருக்கும் குருவிடம் செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது. நடுவர் அவர்களே, லத்தீனில் யாரும் அதைச் செய்ததில்லை! நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த ஒருவன், ஊருக்கு அனுப்ப வேண்டிய கூலியைக் குடித்துத் தீர்த்துவிட்டு, அந்தப் பாரத்தோடு முழங்காலில் நிற்கிறான். மரச்சட்டத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அவன் யாரிடம் அழுவான்? கடல் கடந்து வந்த மிஷனரிகள் உட்கார்ந்து நம் மொழியைப் படித்தது எதற்காக? அந்த மரச்சட்டத்துக்காக. அவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை கூப்பத் தோன்றுகிறது.

1974க்கு வருவோம். கோயில் எல்லாருக்கும் பொதுவானது, உண்மை. ஆனால் எங்கள் அம்மாவைக் கேளுங்கள். யீஷூனில் வீடு, பக்கத்திலேயே ஒரு கோயில். அதைத் தாண்டி, ரயிலேறி, ஞாயிறுதோறும் ஓஃபிர் ரோட்டுக்கு வருகிறார். விசுவாசம் வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்கிறது. தமிழ்ப் பூசைக்காகத்தான் அந்தப் பயணம்.

பேரப்பிள்ளைகள் ஆங்கிலப் பூசைக்குப் போகிறார்கள் என்று தலைவி சொன்னதும் சரிதான். எங்கள் வீட்டிலும் அப்படியே. அது எனக்கு வலிக்கிற இடம், மறைக்க மாட்டேன். ஆனால் ஆங்கிலப் பூசையில் அந்தப் பிள்ளைகள் எல்லாரோடும் சேர்ந்த கத்தோலிக்கர்கள். தமிழ்ச் சபை என்று ஒன்று இருப்பது தமிழில் செபிப்பவர்கள் இருக்கும்வரைதானே? நம் தலைப்பு அந்தச் சபையைப் பற்றியது.

கடைசியாக எங்கள் பாட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டு அமர்கிறேன். 'அருள் நிறைந்த மரியே' என்று நாங்கள் சொல்லும்போது, பாட்டி மட்டும் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்று பழைய மந்திரத்தையே சொல்வார். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு குருவானவர் வந்தார். நல்ல மனிதர். ஆங்கிலத்தில் செபித்து, நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசினார். பாட்டி கைகூப்பி ஏற்றுக்கொண்டார். விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை, எண்ணெயிலும் குறையில்லை. அவர் போனதும் பாட்டி என் கையைப் பிடித்துக் கேட்டார்: "நம்ம சாமி எப்ப வருவாரு?"

தமிழ் தெரிந்த சாமியார் இரவு எட்டு மணிக்குத்தான் வந்தார். எங்களை வெளியே போகச் சொன்னார்கள். இருபது நிமிடம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றோம். பாட்டியின் உதடு ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. வெளியே வந்த சாமியார், "பாட்டி தூங்கட்டும்மா, நீங்க காலையில வாங்க" என்றார். அன்றைக்குத்தான் பாட்டி மாத்திரை இல்லாமல் தூங்கினார்.

நன்றி, வணக்கம்.